பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே முப்பது அடி

அரசு மருத்துவமனைக்கு ஆய்வுக்கு வரும் அமைச்சர்களும் ஆட்சியர்களும் வழக்கமாகக் கழிவறையைப் பார்ப்பார்கள், மருந்துக் கிடங்கைப் பார்ப்பார்கள், வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார்கள். இன்னொன்றையும் அவர்கள் செய்யலாம். வார்டில் நிற்கும் ஒரு செவிலியரை அழைத்து, "சிஸ்டர், உங்க கோட்டுப் பையில இருக்கறதை எல்லாம் இந்த மேஜை மேல கொஞ்சம் எடுத்து வைங்க" என்று கேட்கலாம். மேஜைக்கு வருகிற பொருட்களைப் பார்த்தாலே அந்த வார்டில் என்னென்ன இல்லை என்பது தெரிந்துவிடும்.

என்ன வரும்? நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. பல மருத்துவமனைகளில் பகல் நேரக் குறிப்பை நீல மையிலும் இரவுக் குறிப்பைச் சிவப்பு மையிலும் எழுதுவது வழக்கம். நீலப் பேனா பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கியதாக இருக்கும்; ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்டு வாங்கிய பேனா திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்புறம் ஒரு கத்தரி, பாதி தீர்ந்த மைக்ரோபோர் ஒட்டுச் சுருள், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், மஞ்சள் நிறத்திலும் நீல நிறத்திலும் இரண்டு மூன்று வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழல்), ஸ்பிரிட் பஞ்சு, கையுறை ஒரு ஜோடி, பென் டார்ச். டார்ச் இல்லையென்றால் அந்த இடத்தில் செல்போன். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு தாள். எந்தக் கட்டிலுக்கு எத்தனை மணிக்கு ஊசி, யாருக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், யாருக்குச் சிறுநீர் அளக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்தத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். கேஸ் ஷீட் தொலைந்தால்கூட ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம், அந்தத் தாள் தொலைந்தால் முடியாது என்பார்கள் வார்டு அனுபவம் உள்ளவர்கள்.

இவற்றில் அரசு கொடுத்தது எது? மைக்ரோபோரும் வென்ஃப்ளானும் பஞ்சும் கையுறையும் வார்டுச் சரக்கு. பேனா, கத்தரி, டார்ச், கைக்கடிகாரம், செல்போன் எல்லாம் சொந்தக் காசு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வேலைக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு அன்று கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். போராடிப் போராடி அது 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது. அந்தப் பணத்தில்தான் வாடகை, பேருந்துக் கட்டணம், வெள்ளைச் சீருடை, கூடவே வார்டுக்கான டார்ச்சும்.

சில நூறு ரூபாய்தானே, இதற்கு நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். சில நூறு ரூபாய்தான். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை.

பையில் இவ்வளவு சுமப்பது ஏன் என்பதற்கு முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நம் மாவட்ட மருத்துவமனைகளில் இரவு நேரத்தில் 40 கட்டிலுக்கு ஒரே செவிலியர் நிற்பதைப் பார்க்க யாரும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியதில்லை. மூன்று பேரைப் பார்க்கிறவர் தேவைப்படும்போது டியூட்டி ரூமுக்கு நடந்து போய் ஒரு பொருளை எடுத்து வரலாம். நாற்பது பேரைப் பார்க்கிறவர் டியூட்டி ரூமையே பையில் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆள் குறையக் குறையப் பை கனக்கிறது.

குழந்தைகள் வார்டில் இரவு இரண்டு மணிக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒன்பது மாதக் குழந்தை. உடம்பில் நீர் வற்றினால் நரம்பு ஒடுங்கிவிடும். விரலால் தடவினாலும் தட்டுப்படாது. "கையை மட்டும் அசையாமப் புடிச்சுக்கம்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டு, தகப்பனிடம் செல்போன் வெளிச்சத்தைப் புறங்கையில் அடிக்கச் சொல்கிறார் செவிலியர். மணிக்கட்டுக்கு மேலே கட்டுவதற்கு வார்டில் பட்டை இல்லை. ஒரு கையுறையைத் திரித்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். ஊசியை எடுக்கும் முன்பே மைக்ரோபோரை மூன்று துண்டாகக் கத்தரித்து நுனியை மட்டும் கட்டில் கம்பியில் ஒட்டி வைத்தாகிவிட்டது. மருந்துப் பெட்டி அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, துணி சுற்றித் தயாராக வைத்தாகிவிட்டது. குழந்தை கையை மடக்காமல் இருக்க அதுதான் தாங்கி. மஞ்சள் வென்ஃப்ளான் உள்ளே போகிறது. பின்பக்கக் குழலில் சிவப்பாக ஒரு துளி தெரிகிறது. அதன் பிறகு எல்லாம் சில விநாடி வேலை: கையுறை முடிச்சை அவிழ்க்க வேண்டும், ஊசியை உருவ வேண்டும், குழாயைப் பொருத்த வேண்டும், ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒட்டுவதற்குப் பிளாஸ்டர் தேடி ஒரு கை பீரோவுக்குப் போனால் லைன் போய்விடும். குழந்தைக்கு இன்னொரு குத்து.

அந்தக் கைத்திறனை நான் மெச்சுகிறேன். ஆனால் 'இருப்பதை வைத்துச் சமாளிக்கிறார்கள்' என்று நாம் பாராட்டும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. கையுறையைத் திரித்துக் கட்டுவது, அட்டையை வெட்டித் தாங்கி செய்வது, காலி சலைன் பாட்டிலில் மணல் நிரப்பி எடை தொங்கவிடுவது என்பதெல்லாம் முதல் முறை செய்யும்போது சமயோசிதம். முப்பது ஆண்டு தொடர்ந்து, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு ஆனால், அது நிர்வாகம் தன் செலவை ஊழியர் கைக்கு மாற்றிவிட்டது என்பதற்கான சாட்சி.

கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போகிறார். சாதாரண ஐவி செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆக 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு விழ வேண்டும். இன்ஃபியூஷன் பம்ப் இருக்கும் இடத்தில் எண்ணைத் தட்டினால் போதும். இல்லாத இடத்தில் செவிலியர் பாட்டிலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே 15 விநாடியில் பத்தோ பதினொன்றோ சொட்டு விழும்படி ரோலரைத் திருகி நிறுத்துகிறார். நோயாளி கையை அசைத்தால் வேகம் மாறிவிடும்; மறுபடி எண்ண வேண்டும். நாடித் துடிப்பு எண்ணவும், மூச்சு எண்ணவும் அதே விநாடி முள்தான். ஆகவே கடிகாரம் அவருக்கு நகை அல்ல, அளவைக் கருவி. அதைக் கையில் கட்டினால் மணிக்கட்டைச் சரியாகக் கழுவ முடியாது என்பதால்தான் மேல்நாடுகளில் செவிலியர் நெஞ்சுப் பக்கம் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் கடிகாரம் வந்தது. இங்கிலாந்தில் 2008 முதல் முழங்கைக்குக் கீழே கடிகாரமோ வளையலோ நீளக் கையோ கூடாது என்ற விதியே வந்துவிட்டது. நம் ஊரில் அந்தக் குத்துக் கடிகாரத்தை ஆர்வமுள்ள சிலர் இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கைக்கடிகாரம், அதுவும் இல்லையென்றால் செல்போன்.

செல்போன் என்றதும் 'டியூட்டியில் போன் நோண்டுகிறார்கள்' என்ற புகார்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தப் போன் செய்கிற வேலையைப் பட்டியல் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நள்ளிரவில் எடுத்த இசிஜியைப் படம் பிடித்து டியூட்டி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, மருந்து அளவுக்குக் கணக்குப் போடுவது, லேப் முடிவைக் கேட்பது, ரத்த வங்கியை அழைப்பது, கரண்ட் போனால் வெளிச்சம் காட்டுவது என்று மருத்துவமனையின் தொலைபேசி, கணிப்பொறி, விளக்கு மூன்றும் அதுதான். போனும் அவருடையது, ரீசார்ஜும் அவருடையது. நோயாளியின் கேஸ் ஷீட் படங்கள் ஒரு தனிநபரின் போனில் சேர்ந்துகொண்டே போவது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது ஒருநாள் ஏதாவது வழக்கில் தெரியவரும். வார்டுக்கு ஒரு போன் கொடுத்துவிட்டு, பிறகு 'சொந்தப் போன் கூடாது' என்று சுற்றறிக்கை அனுப்பினால் அதில் நியாயம் இருக்கும்.

டார்ச்சுக்குப் பதிலாகச் செல்போன் வெளிச்சத்தைப் பயன்படுத்துவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வந்தவரை இரவு முழுக்க மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கையைத் தூக்குகிறாரா என்று மதிப்பெண் போடும் முறையை 1974-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த டீஸ்டேல், ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தார்கள். இன்று நம் தாலுகா மருத்துவமனை வரை அதுதான் நடைமுறை. அதோடு கண்ணின் பாவையையும் பார்க்க வேண்டும். இரண்டு பாவையும் ஒரே அளவா, வெளிச்சம் பட்டதும் சுருங்குகிறதா, ஒன்று மட்டும் விரிந்து நிற்கிறதா? மண்டைக்குள் ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறுவதை ஸ்கேனுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும் அறிகுறி அது. குவிந்த சின்ன வெளிச்சத்தை ஒரு கண்ணில் மட்டும் பக்கவாட்டிலிருந்து காட்டினால்தான் வித்தியாசம் தெரியும். செல்போன் ஃப்ளாஷ் முகம் முழுக்கப் பரவி இரண்டு கண்ணையும் ஒன்றாகக் கூசச் செய்துவிடும். பென் டார்ச்சின் விலை, அந்த நோயாளிக்கு எடுக்கப்போகும் ஒரே ஒரு ஸ்கேனின் விலையில் சிறு பங்குதான்.

இனி பீரோவுக்கு வருவோம். 'சரக்கே இல்லையா' என்றால், பெரும்பாலும் இருக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதில் நாம் பெருமைப்படவே இடமுண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டு மருந்து கொடுக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு அதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. ஆலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து மருத்துவமனைக்கும் பொருள் வந்து சேரும் வழியை இந்த மாநிலம் எப்போதோ சரி செய்துவிட்டது. வார்டு பீரோவிலிருந்து கட்டில் வரை உள்ள கடைசி முப்பது அடிதான் மிச்சம்.

அந்த முப்பது அடியில் நிற்பது ஒரு பூட்டு. பீரோச் சாவி வார்டு பொறுப்புச் செவிலியரிடம் இருக்கும். அவர் கருமி அல்ல. பீரோவில் உள்ள ஒவ்வொரு சாமானும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் அவர் பெயரில் இருக்கிறது. ஒரு ஃபோர்செப்ஸ் காணாமல் போனால் விளக்கம் எழுத வேண்டும். சில நேரம் கைக்காசு போட்டு வாங்கி வைத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும். உடைந்துபோனால் அதைத் தூக்கி எறியவும் முடியாது; பழுதானதைக் கணக்கிலிருந்து நீக்கும் கண்டெம்னேஷன் நடக்கும் நாள்வரை உடைந்ததை உடைந்தபடியே பத்திரப்படுத்த வேண்டும். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது பல்ஸ் ஆக்சிமீட்டரையும் குளுக்கோமீட்டரையும் கல்யாண வீட்டு வெள்ளிப் பாத்திரம் போல எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, மிச்ச நேரம் பூட்டி வைக்கிறார்கள். கருவி பத்திரமாக இருக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளியின் விரலுக்குத்தான் அது வந்து சேர மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடத்துக்குப் பயந்துதான், கொரோனா காலத்தில் வீட்டுக்காக வாங்கிய ஆக்சிமீட்டரைச் சில செவிலியர்கள் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள், இன்னும் வருகிறார்கள்.

பேட்டரி விஷயம் இதைவிட வேடிக்கை. பாதரசம் நஞ்சு என்பதால் பழைய தெர்மாமீட்டரும் பழைய பிபி கருவியும் படிப்படியாக விலகி, டிஜிட்டல் கருவிகள் வந்தன. பாதரசத்தைக் கைவிடும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் பாதரசத்துக்குப் பேட்டரி வேண்டாம், டிஜிட்டலுக்கு வேண்டும். இரண்டு பென்சில் பேட்டரிக்கு இண்டென்ட் (தேவைச் சீட்டு) எழுதி, கையெழுத்து வாங்கி, வரும்வரை காத்திருப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும் என்று தெரிந்தவர், டீ குடிக்கப் போகும்போது பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுவிடுகிறார். எந்தக் கணக்கிலும் அது ஏறாது.

பூட்டிய பீரோ நமக்கு மட்டும் உரியதல்ல. கிரிமியப் போரின்போது, 1854-ல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் கேட்டு லண்டன் அனுப்பிய 27,000 சட்டைகள் துறைமுகத்தில் வந்து இறங்கியும், வாரியம் கூடி அனுமதிக்காமல் மூட்டையைப் பிரிக்க முடியாது என்று கிடங்கு அதிகாரி மறுத்துவிட்டாராம். குளிரில் நடுங்கும் காயம்பட்ட வீரர்கள் ஒரு பக்கம், கட்டு பிரிக்காத சட்டைகள் இன்னொரு பக்கம் என்று மூன்று வாரம் ஓடியதாக அவரது வாழ்க்கையை எழுதிய லிட்டன் ஸ்டிரேச்சி சொல்கிறார். நைட்டிங்கேல் அரசுச் சரக்கை மட்டும் நம்பாமல், நன்கொடைப் பணத்தில் வெளிச்சந்தையில் சாமான் வாங்கினார். நாம் அவர் கையில் இருந்த விளக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். (அதுகூடப் படங்களில் வருகிற கிண்ண விளக்கு அல்ல, மடித்து வைக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்கு.) விளக்கைவிட அவர் எழுதிக் குவித்த சரக்குப் பட்டியல்களும் கணக்குகளும்தான் அதிக உயிரைக் காப்பாற்றின என்பது என் கட்சி.

இதற்கு நேர் எதிரான வாதமும் இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. செவிலியர் பையில் எதுவுமே இருக்கக் கூடாது என்பார்கள் தொற்றுத் தடுப்பில் தேர்ந்தவர்கள். ஒரே மைக்ரோபோர் சுருள் பதினைந்து கட்டிலுக்குப் போனால் கிருமியும் பதினைந்து கட்டிலுக்குப் போகும். ஒருவர் புண்ணுக்கட்டை வெட்டிய கத்தரி, துடைக்காமல் பைக்குள் போய் அடுத்தவரிடம் வருகிறது. பையில் ஊசி இருப்பது செவிலியருக்கே ஆபத்து. தொற்றுள்ள நோயாளிக்குக் குத்திய ஊசி கையில் குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு, ஹெபடைடிஸ் சி-க்கு ஏறக்குறைய 3 சதவீதம், எச்ஐவி-க்கு 0.3 சதவீதம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 28 நாளை அனுபவித்தவரிடம் கேட்டால்தான் 0.3 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

எல்லாம் சரி. ஆனால் பையைக் காலி செய்யச் சொல்வதற்கு முன் கட்டிலருகே அந்தப் பொருள் இருக்க வேண்டாமா? 2016-ன் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசிக்கு என்று துளைபடாத வெள்ளைப் பெட்டி வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வார்டுகள் பலவற்றில் அது டியூட்டி மேஜைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். குத்திய ஊசியைக் கிட்னி டிரேயில் வைத்துக்கொண்டு, வழியில் படுத்திருக்கும் உறவினர்களைத் தாண்டி நடக்க வேண்டியது செவிலியர். இங்கேயும் அதே முப்பது அடி. கையுறையும் அப்படித்தான்: வருவது பல நேரம் ஒரே அளவு. ஏழரை அளவுக் கையுறை சின்னக் கையில் விரல் நுனியில் தொங்கும். நரம்பும் தட்டுப்படாது, ஊசிப் பிடியும் நிற்காது. கழற்றிவிட்டு வெறுங்கையால் குத்துகிறார்கள். பிறகு 'கையுறை அணியாத அலட்சியம்' என்று ஒரு மெமோ.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கருவி கட்டிலருகே இருக்கும், சம்பளம்தான் இருக்காது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-ல் அமைத்த குழு பரிந்துரைத்தது. நம் சிறு நகரங்களின் நர்சிங் ஹோம்களில் அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். தெர்மாமீட்டர் உடைந்தால் அந்தச் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. குழந்தை பெற்ற தாய்க்கு 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகத்தை 2015-லேயே கொடுத்த மாநிலம் இது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் பெண்களுக்கு பிபி கருவியும் குளுக்கோமீட்டரும் வைத்துப் பை கொடுத்த மாநிலமும் இதுதான். வெளியே போகிற பைக்கு அரசாணை உண்டு. வார்டுக்குள் இருக்கிற பைக்குத்தான் இல்லை. பணியில் சேரும் ஒவ்வொரு செவிலியருக்கும், ஒப்பந்தமோ நிரந்தரமோ, விநாடி முள் உள்ள குத்துக் கடிகாரம், பென் டார்ச், மழுங்கிய முனைக் கத்தரி, பேனாக்கள் அடங்கிய சிறு தொகுப்பைக் கொடுக்கலாம். தேய்ந்தால் மாற்றித் தரலாம். அதுவும் சிரமம் என்றால் பணமாகவே கொடுக்கட்டும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017-ல் மத்திய அரசு தன் செவிலியர்களுக்குச் சீருடைக்கென்றே மாதம் 1,800 ரூபாய் தரத் தொடங்கியது.

இதைவிட முக்கியமானது பதிவேட்டுத் திருத்தம். குறிப்பிட்ட விலைக்குக் கீழே உள்ள டார்ச், கத்தரி, தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர் எல்லாவற்றையும் தளவாடக் கணக்கிலிருந்து எடுத்து, பஞ்சும் கையுறையும் போலச் செலவாகிற சரக்காக அறிவிக்க வேண்டும். தொலைந்தால் தொலைந்தது, உடைந்தால் உடைந்தது. நாலு பொருள் வீட்டுக்குப் போகலாம், போகட்டும். பூட்டிய பீரோவால் நேரும் இழப்புக்கு முன் அது ஒன்றுமில்லை. கட்டிலுக்கு ஒரு கூடை, அதில் அந்த நோயாளிக்கு மட்டுமான மைக்ரோபோர், கை தேய்க்கும் திரவம். நாலு கட்டிலுக்கு ஓர் ஊசிப் பெட்டி. கையுறையில் மூன்று அளவு. பேட்டரிக்கு வார்டுக்கென்று ஒரு சில்லறைத் தொகை. சீருடை தைக்க அளவு சொல்பவர்கள் பைகளைப் பற்றியும் ஒரு தடவை செவிலியர்களிடம் கேட்டுவிட்டுச் சொன்னால் நல்லது.

ஆண்டுதோறும் மே 12 அன்று செவிலியர் தினத்துக்கு மேடை போட்டு, விளக்கேற்றி, உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உறுதிமொழி முடிந்ததும், மேடையிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென் டார்ச்சும் கத்தரியும் கடிகாரமும் கொடுத்து அனுப்புங்கள். எந்த ரெஜிஸ்டரிலும் கையெழுத்து வாங்க வேண்டாம்.